பன்னீர் திராட்சையைக் காப்பாற்ற வேரிலிருந்து தொடங்குவோம்

கம்பம் பள்ளத்தாக்கில் டிசம்பர், ஜனவரியில் கவாத்து வெட்டிய பன்னீர் திராட்சை ஏப்ரல், மே மாதங்களில் பழுக்கிறது. பழம் திரண்டு நிறம் ஏறும் நாள்களும், கிணறு அடிமட்டத்துக்குப் போகும் நாள்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. முன்பும் கோடை இருந்ததுதான். ஆனால் இரவிலும் சூடு தணியாத கோடைகளை அண்மைக் காலமாகத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

கடந்த கோடையில் எங்கள் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தல் கொஞ்சம் விலகியிருந்த இடத்தில் ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தேன். நிழல் பக்கத்துப் பழங்கள் கருநீலமாக இருந்தன. வெயில் பக்கத்துப் பழங்கள் பழுப்பேறிச் சுருங்கி, சில இன்னும் பச்சையும் சிவப்புமாகவே நின்றன. 35 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் சரியாக உருவாவதில்லை. புளிப்பும் வேகமாக இறங்கிவிடுகிறது. நேரடி வெயில் படும் பழத்தின் சூடு, சுற்றியிருக்கும் காற்றின் சூட்டைவிட 10 டிகிரி வரைகூட அதிகமாக இருக்கும். அந்தக் குலைக்கு வியாபாரி என்ன விலை சொல்வார் என்பது விவசாயிகளுக்குத் தெரியும்.

அதே கொடியின் தூரருகே மண்வெட்டியால் கொத்திப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கவலை வந்தது. சொட்டுநீர்க் குழாயின் துளைக்குக் கீழே, மேல் மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே வேர்கள் பாய் பின்னியதுபோல் அடைந்து கிடந்தன. அதற்குக் கீழே வேரே இல்லை என்று சொல்லிவிடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மேலேயே இருந்துகொள் என்று கொடிக்கு நாங்களே பழக்கிவிட்டிருக்கிறோம். கொடி இலை வழியே நீரை ஆவியாக்கித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மோட்டார் இரண்டு நாள் ஓடவில்லையென்றால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இலை சூடேறும், குலைக்குப் போகவேண்டிய சர்க்கரையும் குறைந்துபோகும்.

ஆகவே, இன்னொரு போர்வெல் போடுவதை வறட்சிக்குத் தீர்வு என்று நாம் பேசிக்கொண்டிருப்பதை நான் முழுமனத்தோடு மறுக்கிறேன். ஓடைப்பட்டிப் பக்கம் போய்ப் பார்த்தால், ஆழ்துளைக் கிணற்றை நம்பிய விதையில்லாத் திராட்சைத் தோட்டங்களின் பாடு விளங்கும். முதலில் வேர் ஆழமாக இறங்க வேண்டும். இளங்கொடியிலிருந்தே இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி பாய்ச்சினால் வேர் நீரைத் தேடிக் கீழே போகும். வயது வந்த தோட்டத்திலும் இதைப் படிப்படியாகச் செய்யலாம். பூ, பிஞ்சுப் பருவத்தில் மட்டும் கொடியைக் காயவிடக் கூடாது.

வேரின் இனத்தையும் நாம் பேசியாக வேண்டும். இங்கே பெரும்பாலான பன்னீர் திராட்சைக் கொடிகள் குச்சி நட்டு, சொந்த வேரில் நிற்பவை. வறட்சியும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து வாட்டிய மகாராஷ்டிரத்திலோ, டெக்ஸாஸ் காட்டுத் திராட்சை வழிவந்த டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் வளர்க்கும் கொடி) ஒட்டுக் கட்டுவது எப்போதோ வழக்கமாகிவிட்டது. 110 ரிக்டர் போன்ற வேறு வேர்ச்செடிகளும் பின்னால் வந்து சேர்ந்தன. டாக்ரிட்ஜ் குறையில்லாதது என்று சொல்லவில்லை. அதன் வீரியத்தில் கொடி கட்டுக்கடங்காமல் ஓடினால் காய்ப்பு குறையும், கவாத்தில் கண்டிப்பு வேண்டும். ஒட்டுக் கட்டினால் நம் பழத்தின் மணம் போய்விடும் என்ற அச்சத்தையும் கேட்டிருக்கிறேன். மேலே வளர்வது அதே மஸ்கட் ஹாம்பர்க், அதாவது நம் பன்னீர் இனக் கொடிதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதான். வேர் மாறுவதால் பழத்தின் இனம் மாறிவிடாது.

பந்தலையும் பழைய முறை என்று கைவிட வேண்டாம் என்பது என் கருத்து. குலைக்கு மேல் இலைக்குடை பிடிக்கும் அமைப்பு இந்த வெயிலுக்கு நமக்குக் கிடைத்த பெரும் துணை. நிறம் வரட்டும் என்று கோடைக் காய்ப்பில் குலையருகே இலையை உருவுவதை நிறுத்தி, மேற்கு ஓர இடைவெளிகளைக் கொடி படரவிட்டு மூடினாலே சேதம் குறையும். அடியில் வைக்கோலோ கரும்புச் சோகையோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், மேல் வேரும் வேகாது. செவட்டை என்ற பூஞ்சை நோய் கண்ட இலைகளை மட்டும் அந்த மூடாக்கில் சேர்க்கக் கூடாது.

மூடாக்குக்கு ஆகும் செலவை எங்களால் தாங்க முடியும். பழைய தோட்டத்தை அழித்து ஒட்டுச்செடி வைப்பது அப்படியல்ல. புதுக்கொடி காய்ப்புக்கு வரும்வரை வருமானமின்றி ஒரு சிறு விவசாயக் குடும்பம் எப்படி நிற்கும்? புவிசார் குறியீட்டைப் பெருமையோடு பேசும் அரசு, நல்ல ஒட்டுச்செடிக்கும் அந்த இடைக்கால வருமான இழப்புக்கும் மானியம் தர வேண்டும். எந்த வேர்ச்செடி நம் மண்ணுக்கும் நம் பன்னீருக்கும் ஒத்துவரும் என்பதை, ஆனைமலையன்பட்டியில் உள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையம் விவசாயிகளின் தோட்டங்களிலேயே, அவர்கள் கண்முன்னே நட்டுக் காட்ட வேண்டும். அப்படி ஒரு முயற்சி தொடங்கினால், மேற்கு ஓரத்தில் வெயிலில் கருகிய அந்த வரிசையையே முதலில் ஒப்படைக்க நான் தயாராக இருக்கிறேன்.