வால் ஆடினால் மகிழ்ச்சி என்று யார் சொன்னது?

வீட்டு நாய் ஒரு குழந்தையின் கையைக் கடிக்கிற அந்தக் காணொளியை நேற்றிலிருந்து எத்தனை பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள்! கீழே எல்லோரும் எழுதியிருப்பது ஒன்றுதான்: "வாலை ஆட்டிக்கொண்டே கடித்துவிட்டது, நன்றிகெட்ட நாய்." ஒலியை நிறுத்திவிட்டு வாலை மட்டும் பாருங்கள். விறைத்து மேலே நிற்கிறது. நுனி மட்டும் படபடவென்று துடிக்கிறது. உடம்பு அசையவே இல்லை. கடிப்பதற்கு முன்பே "விலகிப் போ" என்று அது சொல்லிவிட்டது.

வால் ஆடினால் மகிழ்ச்சி என்று பொருள் இல்லை. நாயின் மனம் ஏதோ ஒன்றால் கிளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மகிழ்ந்த நாயின் வால் இடுப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தளர்வாக ஆடும். பயந்த நாயும் ஆட்டும், தாழ்த்தி வைத்துக்கொண்டு. 2007இல் இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் 30 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்டால் வால் வலப்பக்கம் சாய்ந்து ஆடியது. அறிமுகமில்லாத, ஆதிக்கம் காட்டும் நாயைக் கண்டால் இடப்பக்கம். இதற்கு ஆய்வுகூட வேண்டாம். "என்னிடம் வாலாட்டாதே" என்று யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? அன்பு காட்ட வருபவரையா, மோத வருபவரையா? தோற்றவன் "வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்" என்கிறோம். நம் மொழிக்குத் தெரிந்தது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்படியானால் குழந்தை மேல்தான் தப்பா?" என்று வந்துவிடுவீர்கள். குழந்தையை நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்தப் பிஞ்சுக் கையைப் பார்த்து எனக்கும் வயிறு கலங்கியது. பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே படம்பிடித்த பெரியவரைத்தான் சொல்கிறேன். "எல்லோரும் கால்நடை மருத்துவரா?" மருத்துவர் வேண்டாம். வீட்டில் ஒருவர் முகம் வாடினால் கவனிக்கிற கண் போதும்.

பூனையின் வால் வேறு மொழி. செங்குத்தாகத் தூக்கி, நுனியை லேசாக வளைத்துக்கொண்டு வந்தால் நட்பு. பக்கவாட்டில் சுளீர் சுளீரென்று அடித்தால் எரிச்சல். பத்து வயதில் எனக்கு இது தெரியாது. மடியில் படுத்திருந்த எங்கள் கறுப்பியின் வால் என் தொடையில் அடித்துக்கொண்டே இருந்தது. நாயைப்போல மகிழ்ச்சியில் ஆட்டுகிறது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்துக் கொஞ்சினேன். கையைக் கீறிவிட்டது. அன்று மாலையே அப்பா அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டு வந்தார். தப்பு என்னுடையது என்று சொல்ல அப்போது எனக்கு வார்த்தை இல்லை. இப்போது இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

"மனிதரைவிட நாய் பெரிதா?" பெரிதில்லை. வாலைப் படிக்கத் தெரிந்திருந்தால் முதலில் தப்பித்திருப்பது அந்தக் குழந்தைதான். இதை எத்தனை முறை சொல்வது? அழகுக்கென்று குட்டியிலேயே வாலை நறுக்கிவிடுகிறவர்களும் என்னிடம் வந்து "முன்னறிவிப்பே இல்லாமல் பாய்ந்தது" என்கிறார்கள். அறிவிப்பதற்கு நீங்கள் எதை மிச்சம் வைத்தீர்கள்?

நாயை அப்புறப்படுத்திவிட்டதாக அந்த வீட்டார் இன்று காலை எழுதியிருக்கிறார்கள். வரிசையாக எல்லோரும் "நல்ல முடிவு" என்கிறார்கள். எங்கே கொண்டுபோய் விட்டீர்கள் என்று நான் ஒருவரிதான் கேட்டேன். அதை நீக்கிவிட்டார்கள்.