திருப்திப் படிவம் காட்டாதது

விரிவுரையாளர் ஈடுபாடும் மாணவர் திருப்தியும் கூடினால் தேர்ச்சி கூடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஈடுபாடு சரி, திருப்தியில்தான் சிக்கல். மாணவர் திருப்தியைப் பதியும் கருத்துப் படிவம் செமஸ்டர் கடைசியில் வருகிறது. அதற்குள் தொடர் மதிப்பீட்டுப் புள்ளிகள் தெரிந்துவிடும். நல்ல புள்ளி வாங்கியவர் திருப்தி என்றுதான் எழுதுவார். இதில் எது காரணம், எது விளைவு?

அதனால் படிவத்தை விட்டுவிட்டு, பினாங்கு போலிடெக்னிக்கோ கோலாலம்பூர் தனியார் கல்லூரியோ, ஆய்வக அறிக்கை எத்தனை நாளில் திருத்தி வருகிறது என்று பாருங்கள். மின்னழுத்தத்தைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில், புரோப் (அளக்கும் முனை) 10 மடங்கு அமைப்பிலும் அது இணையும் சேனல் 1 மடங்கு அமைப்பிலும் இருந்தால் 5 வோல்ட் திரையில் 0.5 வோல்டாகத் தெரியும். அடுத்த செய்முறைக்குள் யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் அதே பிழை தொடரும். பட்டறையில் 20 பேருக்கு 5 லேத் (கடைசல் இயந்திரம்) என்றால், 3 மணி நேரத்தில் ஆளுக்கு 45 நிமிடம்தான். (இயந்திரம் போதாத அதிருப்தியும் விரிவுரையாளர் தலையில்தான் விழுகிறது!)