விகிதம் காய்க்கும் செடி உண்டா?

பிளஸ் டூ மரபியல் வினாக்கள் மீது எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. "சந்ததியில் 3:1 கிடைத்தது, பெற்றோரின் ஜீனாக்கம் என்ன?" என்று கேட்கிறார்கள். ஜீனாக்கம் என்றால் ஒரு பண்புக்காக உயிரியிடம் உள்ள இரு மரபுக் காரணிகளின் சேர்க்கை. "இரண்டும் கலப்பு", அதாவது இரண்டிலும் வெளிப்படும் ஓங்கு காரணி ஒன்றும் அதன் முன் மறைந்துவிடும் ஒடுங்கு காரணி ஒன்றும் உண்டு என்று எழுதினால் முழு மதிப்பெண். எந்தச் செடியும் விகிதத்தைக் காய்ப்பதில்லை, விதையைத்தான் காய்க்கிறது. அதை எண்ணி, இது எந்த விகிதம் என்று முடிவுகட்டுவதுதான் கடினமான வேலை. அதை வினாத்தாளே செய்து கொடுத்துவிடுகிறது.

மரபியலின் முன்னோடி மெண்டல் கலப்புப் பட்டாணிச் செடிகளில் எண்ணியவை 5474 உருண்டை விதைகள் (ஓங்கு பண்பு), 1850 சுருங்கிய விதைகள் (ஒடுங்கு பண்பு). வகுத்தால் 2.96. ஏழாயிரத்துக்கு மேல் எண்ணியதால் அதை மூன்று என்று துணிந்து சொல்ல முடிந்தது.

பெற்றோர் யாரென்று தெரியாத எட்டே விதைகள் கையில் இருக்கின்றன என்று வையுங்கள். ஐந்து உருண்டை, மூன்று சுருக்கம். பெற்றோர் இருவரும் கலப்பு என்றால் இப்படி அமைய 20.8 சதவீத வாய்ப்பு. ஒன்று கலப்பு, மற்றது சுருங்கிய வகை என்றால் 21.9 சதவீதம். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? எட்டு விதைகளை வைத்துக்கொண்டு இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எட்டும் உருண்டையாக இருந்தாலும் "தூய வகை", அதாவது இரண்டுமே ஓங்கு காரணி, என்று குதிக்க வேண்டாம். தன் மகரந்தச் சேர்க்கை செய்த கலப்புச் செடியும் பத்தில் ஒரு முறை அப்படிக் காட்டும். ஆனால் ஒரேயொரு சுருங்கிய விதை தலைகாட்டிவிட்டால் கதை முடிந்தது: இரு பெற்றோரிடமும் ஒடுங்கு காரணி இருந்தே தீர வேண்டும். அதற்கு விகிதமே தேவையில்லை. இந்த ஏற்றத்தாழ்வை எத்தனை வகுப்புகளில் சொல்கிறார்கள்?

மெண்டலே இதில் சிக்கியவர்தான். நெட்டைச் செடி தூயதா கலப்பா என்று பார்க்க, ஒவ்வொன்றிலிருந்தும் பத்து விதைகளை நட்டார். பத்தும் நெட்டையானால் தூயது என்று கணக்கு. கலப்புச் செடிகளிலும் நூற்றுக்கு ஐந்தாறு இந்தச் சோதனையில் தூயவையாகத் தேறிவிடும் என்று 1936-ல் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் சுட்டிக்காட்டினார். அதையொட்டிய வாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. பாடநூலில் இதற்கு ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டிருக்கலாம்.

மஞ்சள் எலிகளின் கதை வேறு. மஞ்சளோடு மஞ்சளைக் கலந்தால் 3:1 வராமல் 2:1 வருகிறது; தூய மஞ்சள் கரு பிறக்குமுன்பே அழிந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

என் யோசனை எளிது. வினாவில் விகிதத்தை எடுத்துவிட்டு எண்ணிக்கையைக் கொடுங்கள். "போதிய விதை இல்லை, முடிவு சொல்ல இயலாது" என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கும் முழு மதிப்பெண் போடுங்கள். விடைக்குறிப்பு தயாரிப்பவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான், படட்டும்.