நம்ம ஜனம் பேசாதா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு கதையைப் பற்றிப் பேசக் கூடிய நம் மாதக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக என்னை நானே அடக்கிக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். சின்ன விஷயம், விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நன்றியுரையில், கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "நம்ம ஏரியா ஜனங்களுக்கு உரையாடுற பழக்கம் இன்னும் வரல. கேள்வி கேளுங்கன்னு சொன்னாலும் யாரும் முன்வர மாட்டேங்கிறாங்க. வருத்தமா இருக்கு."

யாரும் முன்வரவில்லையா தோழர்? பத்து நிமிஷத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அவள் யார்?

அந்தத் தங்கச்சி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, அந்த ஒரு நாளில் துணி துவைப்பதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மூன்று விஷயம் எழுதி நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் உள்ளங்கையிலேயே இருந்ததால் தாள் ஊறிப்போய், பேனா மை விரலில் இறங்கியிருந்தது. கேள்வி நேரம் என்றதும் அவள்தான் முதலில் எழுந்தாள். "அந்தக் கதைல வர்ற அம்மா முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சமைக்கிறாங்க, எல்லாருக்கும் போடறாங்க. அவங்க எப்ப சாப்ட்டாங்கன்னு ஒரு இடத்துலகூட இல்ல சார். எழுதுனவரு மறந்துட்டாரா, இல்ல வேணும்னே வுட்டாரா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடையிலிருந்து, "கதையோட அழகியல் பத்தி ஏதாவது இருந்தா கேளும்மா, நேரமாச்சு" என்று பதில் வந்தது. மைக் பையனுக்கு ஒரு கை ஜாடை. அவள் தாளின் இரண்டாவது மடிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே மைக் கையை விட்டுப் போய்விட்டது. பேச வந்தவர் அந்த நேரம் முழுக்கக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் யார் கை தூக்குவார்கள்? எனக்கே தூக்கத் தோன்றவில்லை. அந்த வெட்கமும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பேசச் சொன்னால் மட்டும் ஜனம் பேசாது. முதலில் பேசியவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது ஆள் எழுந்திருப்பார்.

என் ஆயா காசிமேட்டில் விடிகாலை ஏலம் எடுத்து, கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றவள். ராத்திரி கதை சொல்வாள். நாங்கள் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு உம் தவறினால் நிறுத்திவிடுவாள், "இன்னாடி, தூங்கிட்டியா?" என்பாள். சரி, அது எல்லா வீட்டிலும் உண்டு. ஆயாவிடம் இன்னொன்றும் இருந்தது. நடுவில் நாங்கள் எதையாவது கேட்டால் கதையே வேறு பக்கம் திரும்பிவிடும். "ராஜா குதிரைக்குத் தண்ணி காட்டுனாரா ஆயா?" என்று என் தம்பி ஒரு நாள் கேட்டான். அன்றைக்கு ராஜா சண்டைக்கே போகவில்லை, குளம் தேடிப் போனார். அவள் எங்களுக்கு உம் கொட்டினாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். வில்லுப்பாட்டில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஆமா போடுவது எதற்கு? எங்கள் பக்கம் கானா பாடுகிறவர் முன்னால் நிற்கிறவனின் முகத்தைப் பார்த்து அடுத்த வரியைப் போடுகிறாரே, அது எதற்கு? கேட்கிற ஆளுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பது எங்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய சங்கதி இல்லை.

பத்தொன்பது வருஷமாக ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளோடு இருக்கிறேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே ராகத்தில் சொல்லும். அதோடு முடிந்தது. கூட்டத்தில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்பதும் அதே ரகம்தான், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு தடவை காக்கா வடை கதையில், "அந்தக் காக்கா இடத்துல நீ இருந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "எங்க ஆயாவும் வடைதான் டீச்சர் விக்குது. ஒரு வடை போனா அன்னிக்குக் காசு கொறையும். பாட்டிக்கு யாருமே காசு குடுக்கலையே" என்றான். எத்தனை வருஷமாக அந்தக் கதையைச் சொல்கிறேன், பாட்டியை நான் பார்த்ததே இல்லை. அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் அவன் பெயரையும் எழுதினேன். மறுநாள் வகுப்பில் கை தூக்காத பிள்ளையே இல்லை.

இந்தத் தங்கச்சி கேட்டதும் பாட்டியின் வடையைப் போன்ற கேள்விதானே? அந்தக் கதையைப் பற்றி மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசியதில் அந்த அம்மாவின் வயிறு ஒரு தடவைகூட வரவில்லை. அதை அழகியல் இல்லை என்று எப்படித் தோழர் முடிவு செய்தீர்கள்?

என்ன பதில் வரும் என்று தெரியும். நேரம் இல்லை, எட்டு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். சரி. நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வரவேற்புரை, வாழ்த்துரை, அப்புறம் எட்டுப் பேருக்குப் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோ. அதற்கே இருபத்தைந்து நிமிஷம். கேள்விக்கு ஒதுக்கியது பத்து, கொடுத்தது மூன்று.

சிலர் மைக்கைப் பிடித்தால் கேள்வி கேட்காமல் பிரசங்கம் செய்வார்கள் என்பீர்கள். ஆமாம், செய்வார்கள், நானும் உட்கார்ந்து கேட்டு நொந்திருக்கிறேன். "போதும்ணே" என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். குடித்துவிட்டு வருகிறவர்கள், சாதி பேசி வம்புக்கு இழுக்கிறவர்களை வெளியே அனுப்புங்கள், அதில் எனக்கு மறு பேச்சு இல்லை.

பேச வந்தவர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார், சங்கடப்படுத்தக் கூடாது என்று அன்றைக்கே ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார். வருஷா வருஷம் ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வியாசர்பாடியிலிருந்து நந்தனம் போய் வருகிறோமே, அந்தத் தூரம் யார் கணக்கில் வரும்?

அப்புறம் இன்னொரு வார்த்தை. தரம். கேள்வி தரமாக இருக்க வேண்டுமாம்.

பதினெட்டு வயதில் ஊரின் அந்தப் பக்கம் ஒரு கருத்தரங்கத்துக்குப் போனேன். எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "இன்னா சார்" என்று ஆரம்பித்துவிட்டேன், வீட்டில் பேசுகிற வாய்தானே. மேடையில் இருந்தவர் கேள்வியை விட்டுவிட்டு அந்த "இன்னா"வை மட்டும் திருப்பிச் சொன்னார். அரங்கமே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் எந்தக் கூட்டத்திலும் நான் கை தூக்கவில்லை. அந்த வருஷங்களில் நான் போன கூட்டங்களிலும் யாராவது ஒருவர் நன்றியுரையில், "இந்தப் பிள்ளைகள் பேச மாட்டேங்கிறாங்க" என்று வருத்தப்பட்டிருப்பார்.

எங்களுக்குப் பழக்கம் இல்லையாம். நைனா மில்லில் வேலை பார்த்தவர், 1996இல் மூடுகிற வரைக்கும் அங்கேதான். ஷிப்ட் முடிந்தால் பட்டாளத்தில் ஒரு சலூன். ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், நாலு வரி தாண்டுவதற்குள் ஒருவர் குறுக்கே பேசுவார், இன்னொருவர் அவரை மறுப்பார், முகத்தில் பாதி சோப்போடு ஒருவர் தீர்ப்பு சொல்வார். ஒரு பேப்பரைப் படித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்பார் நைனா.

அதற்கும் முன்னால் போங்கள். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் பக்தி சபா நடத்தினார்கள். மில் தொழிலாளிகள் பஜனையும் உபன்யாசமும் கேட்க வந்தவர்கள். வந்த இடத்தில் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற 30 நிமிஷம் போதவில்லை என்பதும் அதில் ஒன்று. "இது ஆன்மிக சபை, ஆன்மிகம் பத்தி மட்டும் கேளுப்பா" என்று அவர்கள் வாயை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடைக்கவில்லை, காது கொடுத்தார்கள். அந்தப் பேச்சுதான் வளர்ந்து 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆனது, பி.பி.வாடியா தலைவர் ஆனார். சாப்பாட்டு நேரத்தைப் பற்றிய பேச்சு, தோழர். நம் மேடையில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மைக் போய்விடுகிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே வாசகர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்று பத்திரிகையின் பெயரையே 'தமிழன்' என்று மாற்றினார். பெயரையே! நம்மால் ஒரு தையல்காரப் பெண்ணுக்கு இரண்டு நிமிஷம் கொடுக்க முடியவில்லை.

எண்ணூர்ப் பக்கம் ஆலைக்காக நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களைப் பற்றி நம் வட்டத்தில் எவ்வளவு கோபமாகப் பேசுகிறோம். ஜனங்கள் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை, முடிவு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது என்று நானும் சேர்ந்துதான் திட்டியிருக்கிறேன். ஆனால் 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில் ஒரு விதி இருக்கிறது. 30 நாளுக்குக் குறையாமல் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், கூட்டத்தின் கடைசியில் ஜனங்கள் சொன்னதையெல்லாம் தொகுத்து அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். அங்கே அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது தனிச் சண்டை. நம் கூட்டத்தில் அந்த விதியே கிடையாது. கதை, கவிதை, ஜனநாயகம் எல்லாம் பேசுகிற நாம், வந்த ஜனம் சொன்னது என்ன என்று ஒரு நோட்டில்கூட எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்திருந்தால் யாரும் பேசவில்லை என்று சொல்ல வாய் வந்திருக்காது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். தோழரை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். சொந்தக் காசைப் போட்டு மண்டபம் பிடிக்கிறவர், வெறும் பத்துப் பேர் வந்த நாளிலும் கூட்டத்தை நிறுத்தாதவர். அதனால்தான் வலிக்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் எழுந்து போய் டீ குடித்திருப்பேன்.

அடுத்த மாதம் கூட்டத்தை நடத்த என் முறை வருகிறது. முதல் அரை மணி ஜனங்களுக்கு, அப்புறம்தான் பேச்சாளர். பொன்னாடை கிடையாது. யார் என்ன கேட்டாலும் பேச வந்தவர் பதில் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது சொல்ல வேண்டும். இதற்குச் சம்மதிக்கிற பேச்சாளரைத்தான் கூப்பிடுவேன்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் அந்தத் தங்கச்சியைப் பிடித்தேன். தாள் இன்னும் கையில்தான் இருந்தது. மிச்ச இரண்டையும் கேட்டேன். "வேணாம்க்கா, தப்பா கேட்டுட்டேன் போல" என்றாள். நான் விடவில்லை. பஸ் வருவதற்குள் இரண்டாவதை மட்டும் படித்துக் காட்டினாள். "அந்த வீட்ல எல்லாரும் அவங்களப் பேர் சொல்லாமத்தான் கூப்டறாங்க. அவங்க பேரு இன்னான்னு யாருக்காவது தெரியுமா?"

வீட்டுக்கு வந்து கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். பெயர் இல்லை. மூன்றாவது என்ன என்று அவள் சொல்லவில்லை. அடுத்த மாதம் வருவியா என்று கேட்டதற்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.