கத்துகிற நமக்கும் அந்த ஊசியில் பங்கு உண்டு

தண்டையார்பேட்டையில் எந்த டீக்கடை முன்பு நின்றாலும், கைப்பேசியில் அமெரிக்க மேடை மல்யுத்தம் பார்க்கும் நான்கு பையன்களைக் காணலாம். தோள் அகன்ற ஒரு வீரர் மேடைக்கு நடந்து வந்ததும் ஒருவன் சொல்வான்: "எல்லாம் ஊசி போட்டு ஏற்றிய உடம்பு." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடம் அதே வீரர் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கினால் நால்வரும் சேர்ந்து விசில் அடிப்பார்கள். இகழ்ச்சியும் அவருக்கு, விசிலும் அவருக்கு. இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"முன்பே பேசி வைத்து ஆடும் ஆட்டம்தானே, அதில் யார் ஊசி போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் பகுதிக்காரர்கள் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து நின்று கையுறை மாட்டிய மண் இது. நமக்குத் தெரிந்த சண்டை குத்துச்சண்டை. அதில் ஊக்கமருந்து எடுத்தவன் எதிரே நிற்பவனை ஏமாற்றுகிறான். மல்யுத்த மேடையில் வெற்றி தோல்வி முன்பே முடிவாகிவிடுவதால், அப்படி ஏமாந்த எதிராளி அங்கே இல்லை. சரி. ஆனால் குத்துச்சண்டையில் கூட்டம் தொண்டை கிழியக் கத்தினாலும் விழுந்தவன் விழுந்தவன்தான். மல்யுத்தத்தில் கூட்டம் போடும் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுத்த மாதக் கதையையே எழுதுகிறார்கள். யாருக்கு ஆரவாரம் அதிகமோ அவருக்குப் பட்டம், அவர் பெயர் போட்ட பனியன், பெரிய சம்பளம். யாருக்காக அரங்கம் வாய் திறக்கவில்லையோ அவர் சில மாதங்களில் வேலையை இழக்கிறார். எந்த மாதிரி உடம்பு மேடையில் நிற்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் பார்வையாளர்கள். குத்துச்சண்டை ரசிகருக்கு இல்லாத ஒரு பொறுப்பு மல்யுத்த ரசிகருக்கு இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு அந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். அட்டைக்கட்டு நினைவிருக்கும். இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயர் மாறிய அமெரிக்க மல்யுத்த நிறுவனம்தான் அது. பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் விற்பார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வீரரின் படம். கீழே உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, தரவரிசை. எண் பெரிதாக இருந்தால் எதிராளியின் அட்டை நமக்கு. கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று எல்லாத் திண்ணைகளிலும் ஓடிய விளையாட்டு. ஒரு மனிதனை மார்புச் சுற்றளவை வைத்து மதிப்பிடச் சிறுவயதிலேயே பழகிவிட்டோம். அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் பிறகு என்ன ஆயின? ரிக் ரூட் 1999-இல் இறந்தபோது வயது 40. பிரிட்டிஷ் புல்டாக் டேவி பாய் ஸ்மித் 2002-இல் 39 வயதில் மாரடைப்பில் போனார். அல்டிமேட் வாரியர் 2014-இல், 54 வயதில். எல்லாச் சாவுக்கும் தசையைப் பெருக்கப் போடும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வலி மாத்திரை, போதை, ஓய்வில்லாத பயணம் என எல்லாம் கலந்த வாழ்க்கை அது. ஆனால் ஆட்டம் பேசி வைத்தது என்பதற்காக இந்தச் சாவுகளை அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சந்தேகம் அன்றைக்கே இருந்தது. அமெரிக்காவில் 1990-இல் சட்டம் இயற்றி ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தார்கள். 1991-இல் பென்சில்வேனியா மருத்துவர் ஜார்ஜ் ஸஹோரியன், மல்யுத்த வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதே ஆண்டு, நிறுவனத்தின் பெரிய நட்சத்திர வீரர் ஹல்க் ஹோகன் தொலைக்காட்சியில் அமர்ந்து, காயத்துக்கு மருந்தாக எப்போதோ எடுத்ததோடு சரி என்கிற மாதிரி பேசினார். பயிற்சி செய்யுங்கள், பிரார்த்தனை செய்யுங்கள், வைட்டமின் சாப்பிடுங்கள் என்று உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குப் புத்தி சொன்னவர் அவர். 1994 ஜூலையில், நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மஹோன் மீதான வழக்கில் சாட்சி சொல்ல வந்தபோதுதான், 1976-இலிருந்து பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார். எடுக்கச் சொல்லி மக்மஹோன் தனக்கு உத்தரவிட்டதில்லை என்றும் அவரே சொன்னார். மக்மஹோன் விடுதலையானார்.

அந்தச் சாட்சியத்தில் என்னை உலுக்குவது இந்தக் கடைசிப் பகுதிதான். ஹோகனுக்கு யாரும் உத்தரவிட வேண்டியிருக்கவில்லை. சட்டையைக் கிழித்துப் புஜத்தை மடக்கிக் காட்டியதும் அரங்கம் அதிர்ந்ததே, அது போதும்.

1991-இன் பிற்பகுதியில் நிறுவனம் தன் வீரர்களுக்கு ஊக்கமருந்துப் பரிசோதனையைத் தொடங்கியது. பெருத்த உடம்புகள் குறைந்தன. 1992 அக்டோபரில் ப்ரெட் ஹார்ட் பட்டம் வென்றார். பிடிகளை நுணுக்கமாகப் போடத் தெரிந்த, நடுத்தர உடம்புக்காரர். இங்கே எங்கள் தெருக்களில் அவரை உயிராக நேசித்த பையன்கள் எத்தனையோ பேர். பிறகு 1996-இல் செலவைக் காரணம் காட்டி அந்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுக்க டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கு அது பெரிய செலவாம்! மீண்டும் முறையாகக் கொண்டுவந்தது 2006 பிப்ரவரியில். நடுவே பத்து ஆண்டுகள். அதற்கும் ஒரு சாவு தேவைப்பட்டது. 2005 நவம்பர் 13 அன்று மினியாபொலிஸ் நகர ஹோட்டல் அறையில் நிறுவனத்தின் வீரர் எட்டி கெரேரோ இறந்து கிடந்தார். இதயநோய், வயது 38. இயல்பில் சிறிய உடம்புக்காரரான எட்டி, தன்னைவிட ஓர் அடி உயரமானவர்களுக்கு நடுவே இடம்பிடிக்க வேண்டியிருந்தது.

2007 ஜூனில் இன்னொரு வீரரான கிறிஸ் பென்வா மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று, தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். உடலில் தசையைப் பெருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் இருந்தது என்ற செய்தி வந்ததும் எல்லோரும் ஊசியையே பேசினார்கள். பல ஆண்டுகள் தலையில் வாங்கிய அடிகளால் அவர் மூளை கடுமையாகச் சிதைந்திருந்ததை ஆய்வாளர்கள் பிறகு சொன்னார்கள். அதைப் பேசியவர்கள் குறைவு. நாற்காலியால் தலையில் அடித்தபோதெல்லாம் கைதட்டியதும் இதே கூட்டம்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், இணையவழியில் ஸ்டீராய்டு விற்ற மருந்தகம் மீதான விசாரணையைத் தொடர்ந்து பத்து வீரர்களை நிறுவனம் இடைநீக்கம் செய்தது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது பரிசோதனை இருக்கிறதே என்று சொல்வீர்கள். 2016-ஐப் பாருங்கள். நிறுவனத்தின் நட்சத்திர வீரர் பிராக் லெஸ்னர் அந்த ஜூலையில் யு.எஃப்.சி. 200 போட்டியில், முடிவு எழுதி வைக்காத உண்மையான சண்டையில், இறங்கினார். அவருடைய மாதிரியில் குளோமிஃபீன் இருந்தது. பெண்களின் கருத்தரிப்புச் சிகிச்சையில் பயன்படும் மருந்து அது. ஸ்டீராய்டு நிறுத்திய ஆண்கள் உடலின் சொந்தச் சுரப்பை மீட்க எடுப்பது என்பதால் விளையாட்டில் தடைசெய்யப்பட்டது. ஓராண்டுத் தடை, 2,50,000 டாலர் அபராதம், வெற்றியும் ரத்து. ஆனால் ஆகஸ்டில் மல்யுத்த நிறுவனத்தின் சம்மர்ஸ்லாம் மேடையின் கடைசி ஆட்டத்தில் அதே லெஸ்னர் ராண்டி ஆர்டனின் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பகுதிநேர வீரர்களுக்குத் தங்கள் பரிசோதனை பொருந்தாது என்றது நிறுவனம். டிக்கெட் விற்கும் ஆளுக்கு ஒரு விதி, மாதச் சம்பளக்காரருக்கு ஒரு விதி. அந்த ஆண்டு ஜூனில்தான் முழுநேர வீரரான ரோமன் ரெய்ன்ஸை அந்தப் பரிசோதனை விதிகளின்படி 30 நாள் இடைநீக்கம் செய்திருந்தார்கள். கோபப்பட வேண்டுமானால் இந்த இரட்டை விதி மீது கோபப்படுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2017 மே மாதம் ஜிந்தர் மஹால் பட்டம் வென்றார். கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளிக்காரர். மெலிந்து, நரம்பு புடைத்து, முற்றிலும் மாறிய உடம்போடு திரும்பி வந்திருந்தார். உடனே உலகம் முழுக்கச் சந்தேகம். மதுவை விட்டது, உணவைக் கட்டுப்படுத்தியது, அவ்வளவுதான் என்றார் அவர். அவர் ஊசி போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். கண்ணால் பார்த்து ரத்தத்தில் இருப்பதைச் சொல்ல முடியாது. பரிசோதனை முடிவு இல்லாத இடத்தில் சந்தேகம் வெறும் சந்தேகம்தான். வியர்வை சிந்திக் கட்டிய உடம்பையும் அது ஒரே சொல்லில் அழித்துவிடுகிறது.

கூட்டத்தின் சக்தியை நல்லதற்கும் பயன்படுத்தலாம் என்பதற்கு 2014 சாட்சி. பாட்டிஸ்டா சில ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்பி வந்து, பிட்ஸ்பர்க்கில் நடந்த ராயல் ரம்பிளை, முப்பது வீரர்கள் எண் வரிசைப்படி ஒவ்வொருவராக இறங்கும் ஆட்டத்தை, வென்றார். ஆறடிக்கு மேல் உயரம், செதுக்கிய மார்பு. நிறுவனம் கனவு காணும் உருவம். அரங்கம் அவரைக் கூச்சலிட்டு விரட்டியது. கூட்டம் கேட்டது டேனியல் பிரையனை. தாடி வைத்த, சராசரி உயரமுள்ள, பக்கத்து வீட்டு அண்ணன் போன்ற ஆள். அன்று அவர் அந்த ஆட்டத்திலேயே இல்லை. கடைசி எண்ணில் அவருக்குப் பதிலாக வந்த ரே மிஸ்டீரியோவுக்கும், பாவம், கூச்சல்தான். வாரக்கணக்கில் விடாமல் கத்தினார்கள். திட்டம் மாறியது. ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் மேடையில், ஆர்டனையும் பாட்டிஸ்டாவையும் தாண்டிப் பட்டத்தை உயர்த்தியவர் பிரையன். சிறிய உடம்பென்றால் ஆபத்தில்லை என்று சொல்ல வரவில்லை. தலைக்காயங்களால் 2016-இல் அவர் ஓய்வு அறிவிக்க நேர்ந்தது, இரண்டு ஆண்டு கழித்தே திரும்பினார். ஆனால் இந்த உடம்புதான் வேண்டும் என்று நிறுவனம் நீட்டியதைக் கூட்டம் மறுக்க முடியும் என்பது அன்று நிரூபணமானது.

இவ்வளவையும் எழுத வைத்தது எங்கள் தெருத் தம்பி ஒருவன். துறைமுகப் பக்கம் ஒப்பந்த வேலை. ஆணழகன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். முட்டையும் சோறும் போதாது என்று ஜிம் மாஸ்டர் ஒரு குப்பியைக் கையில் கொடுத்தார். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. சம்பளத்தில் பாதி அதற்கே போனது. போட்டியன்று தெருவே திரண்டு கத்தியது. அளவாக, அழகாக உடம்பை வைத்திருந்த வேறொரு பையனுக்கு ஒரு கைதட்டல்கூட இல்லை. இன்று இந்தத் தம்பிக்கு முதுகு முழுக்கப் பரு, மார்பில் வீக்கம், இரவில் தூக்கம் இல்லை. உடலின் சொந்த டெஸ்டோஸ்டீரோன் சுரப்பு அடங்கிவிட்டது என்றார் மருத்துவர். கொழுப்பின் அளவும் கெட்டிருக்கிறது, இதயத்தையும் பார்க்க வேண்டும் என்றார். அவன் டீக்கடைப் பக்கம் வந்தால் "ஊசி வருகிறான்" என்று சிரிக்கிறார்கள். போட்டியன்று விசில் அடித்த அதே வாய்கள்.

பொங்கல் விழாவுக்கு ஆணழகன் மேடை போடுகிற அண்ணன்மார்களே, அடுத்த முறை பரிசுத் தொகையைக் கூட்டுவதற்கு முன்பு, போட்டியாளர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்காவது ஏற்பாடு செய்யுங்கள். மாஸ்டர்கள் மருந்து விற்பதை நிறுத்தட்டும். நிறுத்தாதவர் யார் என்று அந்தந்தத் தெருவுக்குத் தெரியும், அங்கே பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு: சோர்வும் மனச்சோர்வும் வந்தால் மாஸ்டர் தரும் இன்னொரு குப்பி அதற்கு மருந்தல்ல. ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. என்ன எடுத்தீர்கள், எவ்வளவு நாள் எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் கூட வருகிறேன்.