காத்து எங்க ஊர் வழியாத்தான் போகுது

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன்; கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற ஊர். மாநிலங்கள் கைகோத்தால் காற்றாலைக்குப் பணம் தானாக வரும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, எங்கள் தென்னை மட்டையையெல்லாம் முறித்துப் போட்டுவிட்டுத்தான் உடுமலைக் காத்தாடிகளைச் சுற்றுகிறது. அந்த சீசனில் கிரிட் (கரண்டைக் கொண்டுபோகும் கம்பி வலை) தாங்காமல் காத்தாடியை நிறுத்தி வைப்பதும் உண்டு. குறை காத்தில் இல்லை, கம்பியில்! காத்து, வெயில் கரண்டைக் கொண்டுபோக லைன் போடும் மத்திய அரசுத் திட்டமான பசுமை மின்வழித்தடத்தின் முதல் கட்டத்தில் மாநில லைன்களுக்கு 40% மத்திய மானியம், 40% ஜெர்மன் வங்கிக் கடன், 20% மாநிலப் பணம். தமிழ்நாடு அதில் இருந்தது. கேரளம் இரண்டாம் கட்டத்தில்தான் வந்தது. அதற்குள் மானியம் 33% ஆகிவிட்டது. பந்தி முடிந்தபின் வந்த கதை. ஆனாலும் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் புகளூர்–திருச்சூர் 2,000 மெகாவாட் லைன் 2021-லேயே வந்தாச்சு. ஆடி மாசக் கரண்டுக்கு என்ன விலை என்று ரெண்டு மாநில மின்வாரியமும் உட்கார்ந்து பேசட்டும், முதலில்.