கேமரா பழுது என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு அறுபதாம் கல்யாணத்தைப் படம்பிடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்திறங்கி, ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீட்டைத் திறந்து, கழுவி, கோலமிட்டு நடத்திய விசேஷம் அது. தம்பதியருக்குக் கலசநீர் ஊற்றும் காட்சியில், அந்தப் பெரியவரின் முகத்தின் மேல் கரிய பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. பெரிய திரையில் போட்டுப் பார்த்த மூத்த மகன், "அப்பச்சி முகத்துல ஏன் தம்பி கோடு கோடா ஓடுது?" என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. அந்த நீரை இன்னொரு முறை ஊற்றச் சொல்லிக் கேட்க முடியுமா?

கேமராவை விற்ற கடைக்குப் போனேன். ஒரு விளக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல், சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) போய்விட்டது என்றார்கள். பழுதுபார்க்கும் இடத்தில் பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு, போர்டு மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பூஜை அறையில் மிச்சமிருந்த பழைய குண்டு பல்பின் கீழ் வைத்து எடுத்தேன், கோடே இல்லை. கூடத்தில் இருந்த மலிவு எல்இடி பல்பின் கீழ் எடுத்தேன், அதே பட்டைகள். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 நொடிக்கு மாற்றினேன், பட்டைகள் மறைந்தன. ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய இந்த உண்மையைச் சொல்லாமல், சோறு போடும் கருவியையே குற்றவாளியாக்கி என்னை அலைய விட்டார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது. அதனால் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சரியான டிரைவர் இல்லாத விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. குண்டு பல்பின் இழை சூடாகவே இருப்பதால் அந்த இடைவெளியில் அதிகம் மங்குவதில்லை. எல்இடி அப்படியில்லை, மின்சாரம் குறைந்த அந்தக் கணத்திலேயே அணைகிறது. கண்ணுக்கு இது தெரியாது. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் வீடியோ எடுக்கும்போது இயந்திர ஷட்டர் இயங்குவதில்லை. பெரும்பாலான சென்சார்கள் மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை ஒவ்வொரு வரியாகத்தான் படிக்கின்றன. ஆகவே சில வரிகள் வெளிச்சத்திலும் அடுத்த சில வரிகள் இருட்டிலும் பதிவாகி, அந்த வேறுபாடு திரையில் பட்டையாக விழுகிறது. 1/100 அல்லது 1/50 ஷட்டரில் ஒவ்வொரு வரிக்கும் மங்கி ஒளிரும் முழுச் சுற்றுகள் கிடைப்பதால் பட்டை எழுவதில்லை. 1/60-இலும் 1/125-இலும் அந்தக் கணக்கு உடைந்துபோகிறது.

என் கேமரா பெட்டியிலிருந்து வந்தபோது மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தது. அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அமெரிக்கா போன்ற நாடுகளின் முறை. இங்கே பால் (PAL) முறைக்கு மாற்றி, நொடிக்கு 25 அல்லது 50 பிரேமில் வைக்க வேண்டும். லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு கேமராவை விற்பவர்கள், நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்றபடி அந்த ஒரு வரியை மாற்றிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

முறையை மாற்றினால் மட்டும் துன்பம் தீராது என்பதுதான் செட்டிநாட்டு வீடுகளின் சிக்கல். நடுவில் வானம் பார்த்த வளவில் வெயில் கொளுத்தும். அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னால், விளக்கில்லாமல் முகம் தெரியாது. வெயில் வெளுத்துப்போகக் கூடாது என்று அன்று நான் ஷட்டரை 1/250-க்கு ஏற்றினேன். தாழ்வாரத்து விளக்குகள் அந்தத் தவறுக்காகத்தான் காத்திருந்தன. லென்ஸின் முன்னால் வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி8 என்ற கறுப்புக் கண்ணாடி பில்டரை மாட்டி, 1/50-இலேயே நின்றிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விளக்குப் போடுகிறவர்களை நான் விடமாட்டேன். மின்னலையின் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்தும் மலிவான சீரியல் செட்டுகள் நொடிக்கு 50 முறை முழுதாக அணைகின்றன. அவற்றின் முன் 1/100 கூடப் பயன்படாது, 1/50 ஒன்றுதான் கதி. துடிப்பைச் சமப்படுத்தும் கெப்பாசிட்டரில் சில ரூபாய் மிச்சம் பிடித்த பல்புகளைத் தூணுக்குத் தூண் கட்டிவிட்டு, அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் பணம் வாங்கிப் போகிறார்கள். பழி எங்கள் மேல் விழுகிறது.

இதே கதைதான் துணியிலும். சிறு கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையின் மேலும், சீர் வரிசையில் அடுக்கிய ஓலைக் கொட்டான்களின் பின்னல் மேலும், வானவில் நிறத்தில் அலைகள் நெளிகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலைக்கு இந்தக் கதி. பின்னலின் நுண்மை சென்சாரின் புள்ளி வரிசையோடு மோதும்போது எழும் மோய்ரே என்ற அலைக்கோலம் அது. அதைத் தடுக்கும் வடிகட்டியைக் கூர்மை வேண்டும் என்று பல கேமராக்களில் எடுத்துவிட்டார்கள். மெதுவோட்டக் காட்சிக்காக நொடிக்கு 120 பிரேமுக்குப் போகும்போது சில கேமராக்கள் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிப்பதால் அலை இன்னும் மோசமாகிறது. ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்தால் போதும், பெரும்பாலும் அடங்கிவிடும். இதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓர் ஆச்சியின் சேலையைக் கெடுத்த பிறகுதான் கற்றேன்.

இப்போது எந்த வீட்டுக்கும் முதல் நாள் மாலையே போய், ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டு எடுத்துப் பார்க்கிறேன். பட்டை விழும் பல்பைக் கழற்றச் சொல்கிறேன். அலங்காரக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கானாடுகாத்தான் காட்சியை நான்கு இரவு மென்பொருளில் போட்டுச் சீர்செய்தேன். பட்டைகள் மங்கின, ஆனால் நீர் வழியும் அந்த முகத்தின் நிறம் இன்னும் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது.